மாப்பிள்ளை முகத்துக்கு மூன்று மீட்டர்

கேமராவின் தலைமேலேயே ஃபிளாஷை மாட்டி எடுத்த கல்யாணப் படத்தில் பெண்ணுக்கு முகம் இருக்காது, நெற்றிதான் இருக்கும். வியர்வை மின்னும் நெற்றி. நெற்றிச்சுட்டியின் கல் அத்தனையும் சேர்ந்து ஒரே வெள்ளைப் பொட்டு. காசுமாலையில் இருக்கும் லட்சுமிகள் தேய்ந்துபோன பழைய காசு மாதிரி வழவழவென்று ஆகிவிடுவார்கள். அதே ஃபிளாஷைக் கழற்றி, கை எட்டிய மட்டும் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தால் ஒவ்வொரு காசிலும் லட்சுமி திரும்ப வந்து உட்காருகிறாள். பட்டின் சரிகை மேடு தெரிகிறது. ஹோமப் புகைக்கு அந்தப்பக்கம் ஃபிளாஷ் போய்விட்டால் புகையும் படத்தில் ஓர் ஆள்.

கேமராவிலிருந்து இறங்கிய ஃபிளாஷுக்கும் கேமராவுக்கும் பேச்சு நடக்க ஒரு வயர் வேண்டும். அந்த வயரை வீட்டிலேயே செய்யப் போய் நோட்டில் கிறுக்கியவை இவை. தேதிகளை எடுத்துவிட்டேன். வரிசையும் கோபமும் அப்படியே.

*

ஏன் கூரையில் அடித்துத் திருப்பக் கூடாது என்று கேட்பார்கள். வீட்டுக் கல்யாணமாக இருந்தால் செய்யலாம். மண்டபத்துக் கூரை 25 அடி மேலே. அங்கே போய்த் திரும்பி வருவதற்குள் வெளிச்சத்துக்கு மூச்சு வாங்கிவிடும். தப்பித் தவறித் தாழ்ந்த பந்தலாக அமைந்தால் அதில் ரோஸ் நிறத் துணி கட்டியிருப்பார்கள். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி அன்றைக்கு ரோஸ் வேட்டி. பச்சைத் துணியாக இருந்தால் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை போய் வேறு ஏதோ ஒரு காமாலை.

*

கணக்கு. இதுதான் எனக்கு வயர் ஆசையையே கிளப்பியது.

பெண் முகத்திலிருந்து ஃபிளாஷ் 80 சென்டிமீட்டர் தூரத்தில். அவளுக்கு அந்தப்பக்கம் மாப்பிள்ளை, இன்னும் 60 தள்ளி. ஆக அவருக்கு 140. 140ஐ 80ஆல் வகுத்தால் 1.75. அதன் வர்க்கம் 3.06. அதாவது பெண்ணுக்கு விழும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மாப்பிள்ளைக்கு. ஒன்றரை ஸ்டாப்புக்கும் மேல் குறைவு (ஒரு ஸ்டாப்பு என்றால் பாதி). பெண் பளிச்சென்று இருக்க, மாப்பிள்ளை ஏதோ கடன்காரனுக்குப் பயந்து இருட்டில் நிற்பவர்போல இருப்பார்.

இப்போது ஃபிளாஷை மூன்று மீட்டருக்குத் தள்ளு. பெண்ணுக்கு 3, மாப்பிள்ளைக்கு 3.6. வகுத்தால் 1.2, வர்க்கம் 1.44. வித்தியாசம் அரை ஸ்டாப்பு. அவ்வளவுதான். அந்த அரை ஸ்டாப்பு இருப்பதுகூட நல்லது, முகத்துக்கு ஒரு திரட்சி வரும்.

கையை நீட்டிப் பிடிப்பதற்கும் மூன்று மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மனிதரின் முகம். கடையில் வாங்கிய சுருள் வயரை மூன்று மீட்டருக்கு இழுத்தால் அது ஸ்டாண்டையும் சேர்த்துத் தன் பக்கம் இழுக்கிறது. பழைய டெலிபோன் ரிசீவரின் சுருள் வயர் இழுக்குமே, அந்தக் குணம்.

இதற்கு விலையும் உண்டு. 80 சென்டிமீட்டரிலிருந்து 3 மீட்டருக்குப் போனால் வெளிச்சம் 14 மடங்கு குறையும். என் ஃபிளாஷான எஸ்பி 600இன் கைடு நம்பர் 30, அதைத் தூரத்தால் வகுத்தால் எஃப் எண். மூன்று மீட்டரில், ஐஎஸ்ஓ 100இல், முழுச் சக்திக்கு எஃப் 10. நான் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400இல் எடுக்கிறேன். அப்படியென்றால் முழுச் சக்தியில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். முன்னால் குடை வைத்தால் இரண்டு ஸ்டாப்பு போகும், மூன்றில் ஒரு பங்கு. தாங்கும். பேட்டரி நான்கு செட் கையில் இருந்தால் போதும்.

*

வயருக்குப் பதில் ரேடியோ டிரிக்கர் வாங்கலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாங்கலாம். வாங்கியும் இருக்கிறேன். என் கேமராவான நிக்கான் டி90இன் குட்டி ஃபிளாஷே கண் சிமிட்டி இன்னொரு ஃபிளாஷுக்குச் சேதி சொல்லும் வித்தையும் தெரிந்தது. ஆனால் அது கண்ணுக்குக் கண் தெரிந்தால்தான். நடுவில் ஒரு பெரியப்பா வந்து அட்சதை போட்டால் சேதி அவர் முதுகோடு நின்றுவிடும்.

ரேடியோவுக்குப் பெரியப்பா தடையில்லை. ஆனால் ரேடியோ வேலை செய்யாதபோது ஏன் செய்யவில்லை என்று அதுவும் சொல்லாது, நமக்கும் தெரியாது. பேட்டரியா, சேனலா, பக்கத்து வீடியோக்காரரின் பெட்டியா? வயர் பழுதானால் விரலால் தடவிக்கொண்டே போய்க் கண்டுபிடிக்கலாம். தாலி கட்டுவதற்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அது பெரிய விஷயம்.

இதைச் சொன்னால் "செலவைப் பார்க்கிறாய்" என்கிறார்கள். அதுவும்தான்.

*

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். அண்ணா சாலையிலிருந்து திரும்பியதுமே நடக்க இடம் கிடையாது. அட்டைப்பெட்டி, தள்ளுவண்டி, பைக், அதன்மேல் இன்னொரு அட்டைப்பெட்டி. நரசிங்கபுரம் தெருவுக்குள் ஒரு வயர் கடை. கம்ப்யூட்டர்களை இணைக்கும் லேன் கேபிளே என் ஃபிளாஷ் வயர் என்று முடிவு செய்திருந்தேன்.

"லேன் கேபிள் பத்து மீட்டர்."

"சாலிடா, ஸ்ட்ராண்டடா தலைவரே?"

முழித்தேன். சுவருக்குள் போய் அசையாமல் கிடக்கும் கேபிளுக்குள் ஒவ்வொரு கம்பியும் ஒற்றைச் செம்பு. அதுதான் சாலிட். சுருட்டிச் சுருட்டி எடுத்தால் ஒருநாள் உள்ளேயே முறியும், வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்ட்ராண்டட் என்பது மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கியது, வளையும். "தினம் சுத்துவீங்கன்னா இதான்" என்று எடுத்துக் கொடுத்தார். இன்னொன்றும் சொன்னார். விலை மலிவான கேபிளில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியிருப்பார்களாம். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது முறியவும் செய்யும், ஈயமும் சரியாகப் பிடிக்காது. பிளேடையும் அவரே கொடுத்தார். சுரண்டினேன், சிவப்பு.

வாங்கியவை: கேபிள், அதற்கான ஆர்ஜே 45 பிளக் பத்து (இரண்டு வீணாகும் என்று நினைத்து வாங்கினேன், ஆறு வீணாயிற்று), சாக்கெட் பெட்டி இரண்டு, ஸ்லீவ் ஒரு மீட்டர், லெட், பேஸ்ட். பெயரில்லாத ஃபிளாஷ் சுருள் வயர் ஒன்று. நிக்கானின் சொந்தச் சுருள் வயரான எஸ்சி 28ஐ வெட்ட எனக்கு நெஞ்சுரம் கிடையாது. அதே மாதிரி வரும் நகலை வெட்டலாம்.

*

ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் பெரிய புள்ளி ஒன்று. ஃபிளாஷை வெடிக்கச் சொல்லும் புள்ளி அதுதான். நிக்கானில் அதைச் சுற்றிச் சின்னப் புள்ளி மூன்று. கேனனில் நான்கு. இரு பக்கமும் நீட்டியிருக்கும் தகட்டுத் தண்டவாளம்தான் எர்த். கேமரா செய்வதெல்லாம், ஷட்டர் முழுக்கத் திறந்த கணத்தில் நடுப்புள்ளியையும் தண்டவாளத்தையும் இணைத்துவிடுவது. ஸ்விட்ச் போடுகிற மாதிரி. மீதிப் புள்ளிகள் "தயாரா?", "இவ்வளவு அடி" என்று கணக்குப் பேசுவதற்கு.

ஆக நிக்கானுக்கு நான்கு சேதிக் கம்பி, ஓர் எர்த். லேன் கேபிளில் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகிறது. நான்கு சேதிக்கும் ஆளுக்கொரு ஜோடி கொடுத்து, ஜோடியின் மற்ற கம்பியை எர்த்தாக்கிவிட்டால் அளவெடுத்துத் தைத்த மாதிரி. சேதி போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் முறுக்கிக்கொண்டு போனால் பக்கத்து ஜோடியின் பேச்சு இதில் விழாது. கம்ப்யூட்டர்காரர்கள் எதற்காக முறுக்கினார்களோ அதே காரணம்.

கேனன்காரர்களுக்கு ஐந்து சேதி, மீதி மூன்றுதான் எர்த்துக்கு. அவர்களுக்கும் நடக்கும், ஆனால் இந்த அழகு இல்லை. கேனன் வைத்திருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை.

*

நிறம். இதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டு:

வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.

பிளக்கின் நாக்கு கீழே, பொன் பற்கள் மேலே, இடமிருந்து வலம். பச்சை ஜோடி மட்டும் நீலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிரிந்து நிற்கும். முதல் நாள் அதைச் "சரி" செய்து நான்கு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினேன். இரண்டு முனையும் நானே செய்தவரை சரியாக இருந்திருக்கும். கடையில் வாங்கிய கேபிளோடு சேர்த்தபோது சிக்கிக்கொண்டது.

என் கணக்கு: முழு நிறமெல்லாம் சேதி, வெள்ளை கலந்ததெல்லாம் எர்த். ஆரஞ்சு நடுப்புள்ளி. பச்சை, நீலம், பழுப்பு மூன்றும் சின்னப் புள்ளிகள். வெள்ளை நான்கையும் சேர்த்து முறுக்கித் தண்டவாளக் கம்பியில் பற்ற வை.

*

சுருள் வயரை வெட்டினேன். புதுக் குடையை மடக்கி உடைக்கிற மாதிரி ஒரு சங்கடம்.

உள்ளே கம்பிகள் தலைமுடி தடிமன். நிறம் வேறு. இந்த நகல் வயர்களில் எந்த நிறம் எந்தப் புள்ளிக்கு என்பதற்கு நியதியே கிடையாது. இன்னொரு கடையில் வாங்கிய இன்னொரு வயரில் சிவப்பு எர்த், கறுப்பு நடுப்புள்ளி. மின்சாரம் படித்த எவருக்கும் இதயம் நின்றுவிடும். அதனால் நிறத்தை நம்பாதே. மல்டிமீட்டரை பஸ்ஸரில் போட்டு, ஒரு முள்ளைப் புள்ளியில் வைத்து, மறுமுள்ளால் ஒவ்வொரு கம்பியாகத் தொட வேண்டும். பீப் வந்தால் நோட்டில் எழுது. கேமரா பக்கத்துப் பாதிக்குத் தனியாக, ஃபிளாஷ் பக்கத்துப் பாதிக்குத் தனியாக. சோம்பேறித்தனப்பட்டு ஒரு பாதிக்கு மட்டும் பார்த்துவிட்டு, மறுபாதியும் அதேதானே என்று விட்டேன். அதேதான் இருந்தது. ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை, எழுந்து பார்த்தேன்.

இந்த முடிக்கம்பியை ஆர்ஜே 45 பிளக்குக்குள் நேராக அழுத்தக் கூடாது. பல் அதைக் கடிக்காது, தள்ளிவிட்டு உட்காரும். ஆறு பிளக் வீணான கதை இதுதான். சாக்கெட் பெட்டியை எடுத்து, அதன் உள்தகட்டில் பற்ற வைப்பதே வழி. ஆக கேமரா பக்கம் அரை அடிச் சுருள், அதன் வாலில் ஒரு சாக்கெட். ஃபிளாஷ் பக்கமும் அப்படியே. நடுவில் எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு லேன் கேபிள், இரண்டு முனையிலும் சாதாரணப் பிளக். ஒரு மீட்டர், மூன்று, பத்து என்று நீளத்தை மாற்றிக்கொள்ளலாம். மண்டபத்தில் எவராவது மிதித்து வயர் போனால் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கடையில் புதிது கிடைக்கும். நான் செய்ததிலேயே உருப்படியான யோசனை இது ஒன்றுதான். அதுவும் ஆறு பிளக் வீணாகாமல் வந்திருக்காது.

*

ஈயம் வைப்பது. 25 வாட் அயர்ன் போதும். 60-40 லெட் 190 டிகிரிக்குள் உருகிவிடும். முனையை ஈர ஸ்பாஞ்சில் துடைத்து, முதலில் கம்பிக்கு ஈயம் பூசு, பிறகு தகட்டுக்குப் பூசு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு தொடுகை. ஊதாதே. சோறு ஊதுகிற பழக்கம் கையோடு வருகிறது. ஊதினால் ஈயம் மங்கிச் சொரசொரப்பாகும், ஒட்டியது மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது.

ஸ்லீவை முதலிலேயே வயரில் கோத்துவிட வேண்டும். இதை எல்லோரும் சொல்வார்கள். நானும் எழுதிவைத்தேன். பற்ற வைத்து முடித்து, மேஜைமேல் சும்மா கிடந்த ஸ்லீவைப் பார்த்தபிறகு எழுதியது இந்த வரி.

*

இரவு பத்தரை. மாட்டினேன். கேமராவில் பட்டனை அழுத்தினால் படம் விழுகிறது, ஃபிளாஷ் மௌனம்.

மூன்று நாள். ஒவ்வொரு இணைப்பையும் பஸ்ஸரில் தொட்டுப் பார்த்தேன். கேமரா பக்கம் சரி. ஃபிளாஷ் பக்கம் சரி. இரண்டையும் நான் செய்த குட்டிக் கேபிளால் சேர்த்தால் ஃபிளாஷ் பளீர். நடுவில் மூன்று மீட்டர் வைத்தால் மௌனம். அந்த மூன்று மீட்டர் கேபிள் நான் செய்ததில்லை, வீட்டில் பரண்மேல் கிடந்த பழையது. அதனால் அதன்மேல் சந்தேகமே வரவில்லை. நான் செய்ததுதானே தப்பாக இருக்கும்!

நான்காம் நாள் அதன் இரண்டு முனைப் பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் ஆரஞ்சு முதலில். மற்றதில் பச்சை முதலில். கிராஸ் ஓவர் கேபிள். ஒரு காலத்தில் இரண்டு கம்ப்யூட்டர்களை நேருக்கு நேர் இணைக்க இதைப் பயன்படுத்துவார்கள். ஒருவர் வாய் மற்றவர் காதுக்குப் போக வேண்டுமே, அதற்காக இரண்டு ஜோடியை மட்டும் இடம் மாற்றிவிடுவார்கள். என் வயரில் நடுப்புள்ளியின் சேதி பச்சைக்குப் போய், ஒரு சின்னப் புள்ளியைப் போய்த் தட்டிக்கொண்டிருந்தது. எர்த் எல்லாம் எர்த்திலேயே இருந்ததால் எதுவும் கெடவில்லை. வெள்ளையெல்லாம் எர்த் என்று வைத்ததற்கு அன்றைக்கு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

*

பழைய ஃபிளாஷ் வைத்திருப்பவர்களுக்கு. இந்த இடத்தில் கிண்டல் இல்லை.

எங்கள் ஊர் ஸ்டுடியோ பெரியவர் ஒருவர் கடையை மூடும்போது விவிட்டார் 283 ஒன்றைக் கொடுத்தார். 1970களில் வந்து உலகம் முழுக்க ஓடிய மாடல், யானை மாதிரி உழைக்கும். வயரில் மாட்டும் முன் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஃபிளாஷை ஆன் செய்து, விளக்கு எரியும்வரை பொறுத்து, சிவப்பு முள் நடுப்புள்ளியில், கறுப்பு முள் பக்கத் தகட்டில். டிசி, மேல் அளவில். 200ஐ நெருங்கியது.

அந்தக் காலத்துக் கேமராவில் ஃபிளாஷ் ஸ்விட்ச் என்பது இரண்டு தகடு ஒன்றையொன்று தொடுவது. 200 வோல்ட்டும் அதற்கு ஒன்றுதான், 6 வோல்ட்டும் ஒன்றுதான். இப்போதைய கேமராவில் அந்த வேலையை ஒரு குறைகடத்தித் துணுக்கு செய்கிறது. நிக்கான் தன் கையேட்டில் 250 வோல்ட்வரை என்கிறது, தலைகீழ் வோல்ட் கூடவே கூடாது என்கிறது. எல்லாக் கேமராவுக்கும் அந்தத் தாராளம் கிடையாது. ஐஎஸ்ஓ 10330 என்கிற தரநிர்ணயம் சொல்லும் அளவு 24 வோல்ட்தான். பிற்காலத்து 283களில் 10 வோல்ட்டுக்கும் குறைவாகவே வரும் என்பதால் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். அளப்பதும் டிஜிட்டல் மீட்டராக இருக்கட்டும். பழைய முள் மீட்டர் தானே கொஞ்சம் குடித்துவிடும், குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

ஃபிளாஷைத் திறக்காதே. உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கும் மேல் தேங்கியிருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் இருக்கும். நாம் செய்வது வயர் மட்டும்.

பெரியவரின் ஃபிளாஷ் அலமாரியில் இருக்கிறது. அவ்வப்போது விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

*

ஃபிளாஷ் வயர் செருகும் பிசி சாக்கெட் என்பதைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து நினைத்துக்கொண்டிருந்தேன், ரொம்ப நாள். பிரான்டர், கம்பூர். இரண்டும் ஜெர்மன் ஷட்டர்கள். அந்த இரண்டின் முதலெழுத்து. இவ்வளவு நாள் தாக்குப்பிடித்த ஒரு சாக்கெட் இவ்வளவு லேசாகக் கழன்று விழுவது எப்படி என்று புரியவில்லை. டி90இல் அது இல்லை, எஸ்பி 600இலும் இல்லை. இல்லாததற்கு வருத்தமும் இல்லை. ஷூவுக்கு அடியில் மாட்டும் சின்ன அடாப்டரில் ஹெட்ஃபோன் மாதிரி 3.5 மில்லிமீட்டர் மோனோ ஓட்டை இருந்தால் அது எவ்வளவோ மேல். அதிலும் ஒரு குறும்பு உண்டு. செருகும்போது முனை ஒரு கணம் பக்கத் தகட்டை உரசும், ஃபிளாஷ் வெடிக்கும். லைட்பாய் தம்பி அதைக் கண்ணுக்கு நேரே வைத்துச் செருகிவிட்டு அரை மணி நேரம் பச்சை வட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த வயரானாலும் ஃபிளாஷை ஆஃப் செய்துவிட்டுச் செருகு.

*

"அண்ணா, வயரு நீளம் ஜாஸ்தியானா லைட்டு லேட்டா வராதா?"

தம்பி கேட்டது. நல்ல கேள்வி. அன்றைக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இந்த மாதிரிக் கேபிளில் சேதி வெளிச்சத்தின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் போகும். பத்து மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் 2 கோடியில் ஒரு பங்கு. ஷட்டர் திறந்திருப்பது 200இல் ஒரு பங்கு. மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வயர் போட்டாலும் லேட்டாகாது.

நீளம் வேறு விதத்தில் படுத்தும். கம்பிகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பாசிட்டன்ஸ் சேரும், சின்னப் புள்ளிகளின் பேச்சு மழுங்கும். நடுப்புள்ளியின் "வெடி" கட்டளை முரட்டுத்தனமானது, மழுங்கினாலும் புரியும். என் கையில் பத்து மீட்டர்வரை டிடிஎல், அதாவது கேமராவே அளந்து ஃபிளாஷின் சக்தியைச் சொல்லும் முறை, சுத்தமாக வேலை செய்தது. இருபதில் சில நேரம் கேமரா ஃபிளாஷை அடையாளமே தெரியாததுபோல நடந்துகொண்டது. கையால் சக்தியை வைத்து அடித்தால் இருபதிலும் தவறவில்லை.

*

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

நான்கு கல்யாணம் முடிந்து படங்களைப் பார்க்கிறேன். டிடிஎல்லில் எடுத்தவை படத்துக்குப் படம் ஏறி இறங்குகின்றன. சட்டத்தில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி அதிகம் வந்தால் கேமரா பயந்து வெளிச்சத்தைக் குறைக்கிறது. மாமாவின் கறுப்பு கோட்டு வந்தால் கொட்டுகிறது. கையால் வைத்து எடுத்தவை ஒரே சீர்.

யோசித்தால் காரணம் எளிது. ஃபிளாஷ் கேமராவின் தலையில் இருக்கும்போது நான் நகர்ந்தால் ஃபிளாஷும் நகரும், தூரம் மாறும், யாராவது கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஃபிளாஷ் ஸ்டாண்டில் நின்றுவிட்டால்? மணமேடையும் நகராது, ஃபிளாஷும் நகராது. நான் முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் அவர்கள்மேல் விழும் வெளிச்சம் மாறாது. ஒருமுறை பார்த்து வைத்தால் முகூர்த்தம் முடியும்வரை அதே அளவு.

எட்டுக் கம்பியில் எனக்கு வேண்டியது இரண்டு. நடுப்புள்ளி, எர்த். நாற்பது ரூபாய் மைக் வயரில் முடிந்திருக்கும்.

எட்டும் வேண்டிய இடம் ஒன்று உண்டு. மாப்பிள்ளை அழைப்பு. தம்பி குச்சியில் ஃபிளாஷைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காருக்கு முன்னால் பின்னோக்கி நடப்பான், நானும் நடப்பேன், மாப்பிள்ளையும் வருவார், நாதஸ்வரக்காரர் குறுக்கே வருவார். எல்லாத் தூரமும் எல்லா நேரமும் மாறும். அங்கே டிடிஎல் பேசிக்கொள்ளட்டும்.

*

மைக் வயரில் செய்கிறவர் கவனிக்க: இப்போதைய கேமராவில் பிளஸ், மைனஸ் மாறினால் ஃபிளாஷ் எரியாது. பிளக்கின் முனை நடுப்புள்ளி, உடம்பு எர்த். பழைய தகடு ஸ்விட்சுக் கேமராவில் எப்படி மாட்டினாலும் எரியும், அதனால் பெரியவர்கள் இதைச் சொல்லித்தர மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று, வீட்டுக் கரண்டுக்கு வரும் இரண்டு முள் பிளக்கை இதற்குப் பயன்படுத்தாதே. எவ்வளவு கைவசம் இருந்தாலும். யாரோ ஒருவர் நல்ல மனதோடு அதைச் சுவரில் செருகிவிடுவார்.

*

லேன் கேபிளுக்கும் அதே பிரச்சினை இருக்கிறது என்பதைச் சின்ன மண்டபம் ஒன்றில் கற்றேன். மேடைக்குப் பக்கத்தில் சிசிடிவி கேமராவுக்கான பெட்டி. கீழே கிடந்த என் வயரின் நுனியை எடுத்து "கழண்டு கிடக்கு" என்று அதில் செருகப் போனார் மண்டபத்து ஊழியர். அந்தப் பெட்டி லேன் வயர் வழியாகவே கேமராக்களுக்கு 48 வோல்ட் அனுப்புகிற வகை. எதிரே இருப்பது கேமராதானா என்று கேட்டுத்தான் அனுப்பும் என்பார்கள். எல்லாப் பெட்டியும் கேட்குமா? கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இப்போது இரண்டு முனையிலும் சிவப்பு டேப், அதில் மார்க்கரால் "நெட் இல்லை". அதைப் பார்த்த ஒரு கல்லூரிப் பையன், "எப்ப வரும் அண்ணா?" என்றான்.

*

வயரால் விழுபவர்கள் பட்டியல் (இதுவரை): நான், வீடியோக்காரர், பூ கொண்டுவந்த அம்மா (விழவில்லை, தடுமாறினார், ஆனால் திட்டியதைக் கணக்கில் சேர்க்கிறேன்), ஸ்டாண்டு.

ஸ்டாண்டின் காலில் வயரை ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு ஃபிளாஷுக்குக் கொண்டுபோக வேண்டும். எவராவது தட்டினால் இழுப்பு காலுக்குப் போகும், தலைக்குப் போகாது. காலில் மணல் பை. மணல் பை இல்லாத அன்றைக்கு ஐந்து கிலோ அரிசிப் பை, சமையல் கட்டில் சொல்லிவிட்டு. நடைபாதையில் வயர் போகக் கூடாது. போயே ஆக வேண்டுமென்றால் முழு நீளத்துக்கும் டேப் ஒட்டு, இங்கொன்று அங்கொன்று ஒட்டாதே. ஹோமகுண்டத்திலிருந்து எட்டவே இருக்கட்டும், அதன் தோல் பிளாஸ்டிக்.

பிளக்கின் நாக்கு ஒடிவது தவிர்க்க முடியாதது. ஒடிந்த பிளக் உள்ளேயே இருப்பதுபோல நடிக்கும். ரப்பர் தொப்பி போட்டது வாங்கு.

*

சனிக்கிழமை, முகூர்த்தம் 4.30 முதல் 6 மணி. மண்டபத்தைப் போய்ப் பார்த்தாயிற்று. மணமேடையின் வலது தூண் ஓரத்தில் ஸ்டாண்டு நிற்கலாம், பெண் இருக்கையிலிருந்து மூன்றரை மீட்டர். நான் நிற்பது எதிர்ப்பக்கம். வயர் மேடைக்குப் பின்னால் சுற்றி வர வேண்டும், காலடியால் அளந்தேன், எட்டரை மீட்டர். பத்து மீட்டர் கேபிள் எடுத்துக்கொள். ஜாயின்டர் கூடுதலாக இரண்டு. பேட்டரி நான்கு செட், வெள்ளி இரவே சார்ஜ். சிவப்பு டேப் தீர்ந்துவிட்டது. தம்பியை மூன்றரைக்கு வரச் சொல்ல வேண்டும், நான்கு என்று சொன்னால் நாலரைக்கு வருவான்.